மலைக்குக் கட்டிய சோறு

மலைக்குச் சோறு கட்டுவதில் நான் கெட்டிக்காரன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் ஒரே ஆபீசில் ஃபைல் நகர்த்திய ஐம்பத்துநாலு வயதுக்காரனுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

புளிசாதத்துக்குச் சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஃபேனுக்குக் கீழே நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு கட்டினால் பொட்டலத்துக்குள்ளேயே வியர்த்து மதியத்துக்குள் ஊசிப்போகும். வாழையிலையை அடுப்பில் வாட்டித்தான் கட்ட வேண்டும். வாட்டாத இலை மடிக்கிற இடத்தில் கிழிந்து, எண்ணெய் மொத்தமும் மாற்றுச் சட்டைக்குப் போய்ச் சேரும். தயிர்சாதத்துக்குத் தயிர் போடக் கூடாது. பாலில் குழைத்து, ஒரே ஒரு கரண்டி தயிரை உறைக்கு விட்டால் போதும், உச்சிக்குப் போகும்போது அதுவே பதமாகத் தோய்ந்திருக்கும். இட்லிக்கு மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி அடுக்க வேண்டும். தேங்காய்ச் சட்னியை டப்பாவில் எடுத்துக்கொண்டு மலையேறுகிறவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை.

இதில் பாதியை வாலிபத்தில் ஆபீஸ் நண்பர்களோடு ஊர் சுற்றியபோது கற்றுக்கொண்டேன். மீதிப் பாதியை என் மகளுக்காகக் கற்றுக்கொண்டேன். எங்களுக்கு ஒரே பெண். காட்டாங்குளத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயதில் அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளை எப்படியாவது சாப்பிட வைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் ஒன்றரை வருஷம் மலை மலையாக ஏறினேன்.

நிறுத்தினாள் என்று சொல்வதுகூட சரியில்லை. ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் விரதம் இருக்க ஆரம்பித்தாள்.

முதலில் புரட்டாசி சனிக்கிழமை. எங்கள் வீட்டில் புரட்டாசி சனி ஒருபொழுது இருப்பது வழக்கம். காலையில் திருநீர்மலைக்குப் போய் படியேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, மத்தியானம் அவருக்குத் தளிகை போட்டுப் படைத்து, அந்த ஒருவேளை மட்டும் சாப்பாடு. என் மனைவி பல வருஷமாக இருக்கிறாள். நான் அதிலிருந்து கழன்று பல வருஷம் ஆகிறது. அந்த வருஷம் மகள் தானும் இருப்பதாகச் சொன்னாள். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. புரட்டாசி முடிந்தது, சனிக்கிழமை முடியவில்லை. பிறகு வியாழக்கிழமை குருவுக்கு. செவ்வாய் முருகனுக்கு. ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். மார்கழி முப்பது நாளும் ஒருவேளை. கொஞ்ச நாளில் காலண்டரில் அவள் சாப்பிடுகிற நாளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? பெருமைப்பட்டோம். எதிர்வீட்டு அம்மாள், "உங்க பொண்ணைப் பாத்து என் பொண்ணு கத்துக்கணும் அக்கா, அது வெள்ளிக்கிழமைகூட முட்டை கேக்குது" என்பாள். என் மனைவிக்கு முகமெல்லாம் பூரிக்கும். நான் மட்டும் என்ன யோக்கியம்? தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகிற எலக்ட்ரிக் ட்ரெயினில் கூட வருகிறவர்களிடம் பீற்றிக்கொண்டேன். அவனவன் பிள்ளை செல்போனும் கையுமாக, பீட்சாவும் வாயுமாக இருக்கிறது, என் பெண்ணைப் பார் என்று. அவள் இளைத்ததைப் பார்த்தோம். முகத்தில் களை கூடியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால் யாராவது பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் அவளிடம் ஆசீர்வாதம் வாங்காத குறைதான்.

அடுத்து வந்த தை மாதமே காலேஜ் லேபில் மயங்கி விழுந்தாள். கூடப் படிக்கிற பெண்கள் ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே இருந்த அந்தக் கையைப் பார்த்தேன். வீட்டில் தினமும் பார்த்த கைதான். ஆஸ்பத்திரி வெளிச்சத்தில்தான் அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

இரண்டு டாக்டர்கள் டானிக் எழுதிக்கொடுத்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த அம்மையார் மனநல டாக்டர். அவர் மகளிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். "இது சாமி விஷயம் இல்லை சார். விரதம்னு சொன்னா நீங்க யாரும் கேள்வி கேக்க மாட்டீங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. இது ஒரு வியாதி. மெதுவாத்தான் சரியாகும்" என்றார். என் மனைவி அங்கேயே அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் வருவது அதுதான். டாக்டர் மேல், காலேஜ் மேல், எதிர்வீட்டு அம்மாள் மேல், அந்தப் பெருமாள் மேல். நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நாலு கோலத்தில் திருநீர்மலையில் சேவை சாதிக்கிறவருக்கு, எதிரே வந்து நிற்கிற குழந்தை பட்டினி கிடக்கிறது என்று தெரியாதா?

பெருமாள் மேல் வந்த கோபத்தைப் பெருமாள் மேலா காட்ட முடியும்? ஒரு நாள் சாயங்காலம் மகள் சாம்பார் சாதத்தை அரை மணி நேரமாகத் தட்டில் தள்ளிக்கொண்டே இருந்தாள். சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சிப் பார்த்து, கடைசியில் தட்டைத் தட்டிவிட்டேன். கூடம் முழுக்கச் சோறு சிதறியது. அவள் உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள். ரொம்ப நேரம் பொறுக்கினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கையைப் பார்க்கப் பிடிக்காது.

மலை யோசனை எனக்கு வந்தது அதற்குப் பிறகுதான். என் அனுபவத்தில் மலையில் பசிக்காதவன் கிடையாது. மலையேறினால் கல்லும் செரிக்கும். வீட்டில் நாலு பிடி சாதத்துக்கு மூக்கால் அழுகிற ஆள், உச்சிப் பாறையில் உட்கார்ந்து ஆறிப்போன புளிசாதத்தை அள்ளி அள்ளித் தின்பதைப் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கு மருந்து தெரியும், பசியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் எங்கேயோ தெரிந்துதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஒரு மலைக்குப் போலாமாம்மா?" என்று கேட்டபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். பல மாதமாக அவள் என்னை நேராகப் பார்த்ததில்லை. "நிஜமாவாப்பா? எவ்ளோ பெரிய மலை?" என்றாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும், உலகத்தில் உள்ள டாக்டர்கள் எல்லோரையும்விட நான்தான் பெரிய டாக்டர் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முதல் மலை செங்கல்பட்டைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறைக் குன்று. உச்சிக்குப் போக ஒன்றரை மணி நேரம். நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன், அவள் எங்கேயும் உட்காரவில்லை. உச்சியில் ஒரு பாறை நிழலில் பொட்டலத்தைப் பிரித்தேன். புளிசாதம், வறுத்த வேர்க்கடலை, மோர்மிளகாய், வெள்ளரிக்காய். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயம். தூரத்தில் ஏரியைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு காதால் கேட்டேன். இலை சலசலக்கிறது, கடலை கடிபடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தேன். இலையில் பாதி காலி.

ஒன்றுக்குப் போகிறேன் என்று சொல்லிப் பாறைக்குப் பின்னால் போய் அழுதேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஆண்பிள்ளை, பாதிப் பொட்டலம் புளிசாதத்துக்காக வாயைப் பொத்திக்கொண்டு அழுதது எனக்கே வேடிக்கையாக இருந்தது. திரும்பி வந்தபோது அவள், "இன்னும் கொஞ்சம் மேல போலாமாப்பா? அந்தப் பக்கம் ஒரு பாறை இருக்கு" என்றாள். என் பெண், என் ரத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மலை. சனிக்கிழமை மத்தியானமே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் இலையும் கறிவேப்பிலையும் வாங்கி வந்து சமையல்கட்டைப் பிடித்துக்கொள்வேன். என் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர். அவளுக்குச் சமையல்கட்டில் அதிகாரம் போனது கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் என்னோடு உட்கார்ந்து கடலைத் தோல் உரிப்பாள். "மலையில சாப்பிடறா, வீட்ல சாப்பிட மாட்டேங்கறாளே, ஏங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். "மலைக் காத்துடி" என்றேன். பெரிய ஞானி மாதிரி.

சின்னதாக இருக்க வேண்டும், தெம்பு நிறைய இருக்க வேண்டும். இதுதான் என் கணக்கு. இலை நிறையச் சோறு இருந்தால் அவள் மிரண்டுபோவாள். உள்ளங்கையில் அடங்கினால் வாயில் போட்டுக்கொள்வாள். பாசிப்பருப்பை வறுத்து அரைத்து வெல்லப்பாகில் உருண்டை பிடித்தேன். சப்பாத்திக்குள் தக்காளித் தொக்கைத் தடவிச் சுருட்டினேன். அவலை ஊறவைத்து, வெல்லமும் தேங்காயும் கலந்து டப்பாவில் அமுக்கி வைத்தேன். எனக்கே தெரியாமல் நல்ல சமையல்காரனாகிக்கொண்டிருந்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். நான் நெய் சேர்க்க ஆரம்பித்தேன். இட்லிக்குத் தடவுகிற பொடியில் பாதி எண்ணெய், பாதி நெய். பருப்பு உருண்டையில் முந்திரியை மாவாக அரைத்துக் கலந்தேன். புளிக்காய்ச்சலின் காரத்தில் நெய் வாசனை தெரியாது என்று கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை அவள் இட்லியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல நெய் இருக்காப்பா?" என்று கேட்டாள். "சேச்சே, செக்கு எண்ணெய்ம்மா, அதான் அந்த வாசனை" என்றேன். கண்ணிமைக்காமல் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டாள். கள்ளச்சாவி போட்டுக் கதவைத் திறந்துவிட்டவன் மாதிரி உள்ளுக்குள் குதித்தேன்.

மலையில் சாப்பிட்டும் அவள் உடம்பு தேறவில்லை. இதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். ஒட்டிய கன்னம் ஒட்டியே இருந்தது, வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. நல்லது மெதுவாகத்தான் நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இன்னும் ஒரு கரண்டி நெய் சேர்த்தேன். டாக்டரிடம் மாதம் ஒரு முறை போவோம். எடை பார்த்துவிட்டு அவர் முகம் சுளிப்பார். மலையைப் பற்றி அவரிடம் நாங்கள் மூன்று பேருமே வாய் திறக்கவில்லை. நான் ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். மகள் ஏன் சொல்லவில்லை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

போன மார்கழியில் ஜவ்வாது மலைக்குப் போனோம். இரண்டு நாள், கூடாரம் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் மலையேறப் போகிறவர்கள் ஒரு ஏழெட்டுப் பேர் சேர்ந்து வேன் பிடித்திருந்தோம். டிரைவர் பழைய தாம்பரத்துக்காரர், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற மனிதர். மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இருந்ததால் வரவில்லை. நான் அந்தப் பயணத்துக்குக் கட்டியதுபோல் அதற்கு முன்னும் கட்டியதில்லை, பின்னும் கட்டவில்லை. நாலு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலம். முதலில் கெட்டுப்போகக்கூடியது மேலே, கெடாதது அடியில்.

முதல் நாள் அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். மத்தியானம் பொடி தடவிய இட்லி மூன்று, சாயங்காலம் உருண்டை இரண்டு, பொழுது சாய்ந்ததும் சப்பாத்திச் சுருள். கூட வந்த ஒருவர், "பரவாயில்லையே சார், பாப்பா நல்லா சாப்பிடுதே" என்றார். கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன். "இன்னிக்கு என்னல்லாம் சாப்பிட்டா தெரியுமா" என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "திருநீர்மலைக்கு ஒரு வஸ்திரம் சாத்தறதா வேண்டியிருக்கேன்" என்றாள். நானும் சரி என்றேன். அன்றைக்கு எனக்குப் பெருமாள் மேல் கோபம் இல்லை.

விடிந்து நான் வெளியே வந்தபோது பனி விலகிக்கொண்டிருந்தது. டிரைவர் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"சார், பாப்பா விடியறதுக்கு முன்னாலேர்ந்து அந்த மேட்டுல ஏறிக்கினு எறங்கிக்கினே கீது. நானும் பாத்துக்கினே கீறேன், அஞ்சு தபா ஆச்சு. பை வேற மாட்டிக்கினு. இன்னா சார், எதுனா வேண்டுதலா?"

அவர் கேலி செய்யவில்லை. மரியாதையோடுதான் கேட்டார். திருநீர்மலையில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுகிற பெண்களை அவரும்தான் பார்த்திருப்பார். ஒரு பெண் வெறும் வயிற்றோடு இருக்கிறாள், மூச்சு வாங்க ஏறி இறங்குகிறாள் என்றால் எங்கள் ஊர்க்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? எனக்கும்தான் மாதக்கணக்கில் அதுதானே தோன்றியது. டீ டம்ளரை அப்படியே தரையில் வைத்தேன்.

மேட்டின் அடியில் போய் நின்றேன். அவள் ஆறாவது தடவையாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். பார்வை தரையில் இருந்தது. உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் நின்றாள். பயப்படவில்லை, அசடு வழியவும் இல்லை. ரொம்பக் களைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"எத்தனை நாளாம்மா இது?" என்றேன்.

"எது?"

"இப்படித் தனியா ஏறி எறங்கறது."

"எப்பவுமேதான்ப்பா. வீட்ல மொட்டை மாடிப் படி. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்புறம். இங்க மலை. மலைன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்."

ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாத முட்டாள்தனமான கேள்வியைக் கேட்டேன். "உனக்குப் பசிக்கவே பசிக்காதாடா கண்ணு?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "பசிக்கும்ப்பா. எப்பவும் பசிக்கும்."

பையைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். அவளே பேச ஆரம்பித்தாள்.

"நீ பொடியில நெய் கலக்கறது எனக்கு மொதல்லயே தெரியும். உருண்டையில முந்திரி போடறதும் தெரியும். வேணாம்னு சொன்னா உன் மூஞ்சி சுருங்கிடும். அவ்ளோ ஆசையாக் கட்டிட்டு வர்றே. அதனால சாப்பிட்டுடுவேன். அப்புறம் அதுக்கும் சேத்து ஏறிடுவேன். நீ நெய் போட ஆரம்பிச்சப்புறம்தான் ரொம்ப ஏற வேண்டியிருக்கு."

குற்றம் சாட்டும் குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எனக்காகச் சாப்பிட்டிருக்கிறாள். என் முகம் சுருங்கக் கூடாது என்பதற்காக விழுங்கியிருக்கிறாள். நான் கள்ளத்தனமாக ஊற்றிய ஒவ்வொரு கரண்டி நெய்யையும் அவள் கால்கள் மலையில் கரைத்திருக்கின்றன. பட்டினி கிடந்த குழந்தையை மலையேற்றி இன்னும் கொஞ்சம் பட்டினி போட்டவன் நான். நோய்க்குக் கைப்பிடித்து வழிகாட்டியவன் நான். அதற்குச் சோறும் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

மற்றவர்களிடம் எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அன்றைக்கே வேனைத் திருப்பச் சொன்னேன். வழியெல்லாம் டிரைவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மலை, படி, நெய், முந்திரி எல்லாவற்றையும். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு உடனே சேர்க்கச் சொன்னார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்களைக் குத்தம் சொல்லலை சார். ஆனா ஒண்ணு. சாப்பாட்டு விஷயத்துல இனிமே அவகிட்ட பொய் சொல்லாதீங்க. எவ்ளோ சின்னப் பொய்யா இருந்தாலும். அந்த வியாதி பொய்யிலதான் வாழுது. ஒரு ஆள்கூட நம்பற மாதிரி இல்லைன்னா அவளால வெளிய வரவே முடியாது" என்றார். சரி என்று தலையாட்டினேன். என் தலை ஆடியதை அவர் நம்பினார்.

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள்.

இப்போது அவள் நாள் முழுக்க எங்கள் செம்பாக்கம் வீட்டிலேயேதான் இருக்கிறாள். காலேஜுக்கு ஒரு வருஷம் லீவு. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டிருக்கிறோம். ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போகக்கூட அனுமதி கிடையாது. நானும் மனைவியும் முறை வைத்து லீவு போட்டு அவள் பக்கத்தில் உட்காருகிறோம். சாப்பிடும்போதும், சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமும் யாராவது ஒருவர். வீட்டில் இப்போது யாரும் விரதம் இருப்பதில்லை. என் மனைவி சனிக்கிழமையும் மூன்று வேளை சாப்பிடுகிறாள், மகள் பார்க்கும்படி, ருசியே இல்லாமல். அந்தப் பெருமாளுக்கு வேண்டிய வஸ்திரம் இன்னும் சாத்தவில்லை. சாத்துவதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தேறுகிறாளா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். தேறுகிறாள் என்கிறோம். ஒரு வாரம் கொஞ்சம் ஏறும், மறு வாரம் இறங்கும். என்னோடு அவள் அதிகம் பேசுவதில்லை. மலையில் பேசுவாள். வழியில் செடி காட்டுவாள், என் தொப்பையைக் கிண்டல் செய்வாள், மூச்சு வாங்கினால் கையைக் கொடுத்துத் தூக்குவாள். ஒன்றரை வருஷம் எனக்கு ஒரு மகள் இருந்தாள். அதுவும் நோயின் தயவில் கிடைத்தது என்று நினைக்கும்போது மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. அவளைக் காப்பாற்றுவதற்கு அந்த மகளையும் நான்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் என் முறை. காலை பத்தரை மணி. தட்டில் மூன்று இட்லி, சாம்பார். எட்டரைக்கு வைத்தது. எல்லாம் ஆறிப்போய் இட்லி ஓரம் காய்ந்துவிட்டது. அதற்கு முந்தைய நாளும் அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இன்றைக்கும் இறங்கவில்லை என்றால் திரும்ப ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்.

"அப்பா" என்றாள். நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். "நாம திரும்ப மலைக்குப் போலாமா?"

நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"போலாம்னு சொல்லு. ஒரு இட்லி சாப்பிடறேன்."

முகத்தில் அந்தப் பழைய ஆசை. முதல் தடவை, எவ்ளோ பெரிய மலை என்று கேட்டபோது இருந்த அதே முகம். அப்போது அதை மகளின் முகம் என்று நம்பினேன். இப்போது கேட்பது அவளா, அவளுக்குள் இருக்கிற அதுவா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் ஆட்டிய தலை நினைவுக்கு வந்தது. காய்ந்த இட்லி கண்ணெதிரே இருந்தது. நான் ஒரு கோழை அப்பன். என் கண்ணுக்கு இட்லிதான் தெரிந்தது.

"போலாம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இட்லியைப் பிட்டாள். ஒவ்வொரு துண்டாக வாயில் வைத்து, மென்று, விழுங்கினாள். கடைசித் துண்டு வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. விரலைத் தட்டின் ஓரத்தில் வழித்துவிட்டுக் கேட்டாள்.

"எந்த மலைப்பா?"

எனக்கு ஒரு மலையின் பெயரும் வாயில் வரவில்லை.